ஈரத்தில் கத்தி வைக்காதே

தோல் குடோனில் என் அக்காவுக்கு மீட்டர் என்று பெயர். லாரி வந்து நின்றதும் "மீட்டரக் கூப்பிடு" என்றுதான் சத்தம் வரும்.

உப்புப் போட்டுக் காயவைத்த தோல்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அடுக்குவதற்கு முன் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஈரத்தோல் ஒன்று அடுக்கின் நடுவே போய்விட்டால் புழுங்கிப்போய் பக்கத்துத் தோலையும் கெடுத்துவிடும். கையால் தொட்டுச் சொல்ல முடியாது. உப்பிலேயே கிடக்கிற கைக்கு ஈரமும் ஒன்றுதான், உலர்ந்ததும் ஒன்றுதான். அதனால் அங்கே கன்னத்தை வைத்துப் பார்ப்பார்கள். குனிந்து, ரோமப் பக்கத்தில் இடது கன்னத்தைப் பதித்து, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே இருக்க வேண்டும். ரோமத்தின் அடியில் ஈரம் இருந்தால் கன்னத்தில் சில்லென்று ஒரு புள்ளி படும். கன்னம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தப் புள்ளி எல்லோருக்கும் தெரிவதில்லை. அக்காவுக்குத் தெரியும். அவள் காய்ந்தது என்றால் காய்ந்தது, மேஸ்திரிகூட மறுபேச்சுப் பேச மாட்டார்.

அவள் ஈரம் என்று தள்ளியது வெயிலுக்குப் போகும். காய்ந்தது என்று சொன்னது அத்தானின் மேஜைக்குப் போகும். அத்தான் ஓரம் வெட்டுகிறவர். சாக்பீஸால் கோடு போட்டு, அரைவட்டக் கத்தியால் கிழிசல், துளை, பூச்சி அரித்த இடம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுவார். "கெட்டதை எடுத்துட்டா மிச்சம் நல்லது" என்பது அவர் வேதவாக்கு. வீட்டிலும் அப்படித்தான். உருளைக்கிழங்கில் ஒரு கறுப்புப் புள்ளி கண்ணில் பட்டால் கிழங்கு பாதியாகிவிடும். அவர் நறுக்கிக் கொடுத்தால் நான் இரண்டு கிழங்கு கூடுதலாகப் போடுவேன்.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஈரத்தில் கத்தி வைக்க மாட்டார். ஈரத்தோல் கத்தியோடு சேர்ந்து இழுபடும், இன்றைக்கு நேராக இருக்கிற வெட்டு காய்ந்த பிறகு கோணலாகத் தெரியும், கெட்டது எங்கே முடிகிறது நல்லது எங்கே தொடங்குகிறது என்று ஈரத்தில் கண்ணுக்குப் பிடிபடாது என்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவரிடம் முதலில் வாங்கிக்கட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

ஒரு நாள் மதியம் நான் சாப்பாடு கொண்டு போனபோது, அக்கா அனுப்பிய தோலில் அத்தானின் கத்தி இழுபட்டது.

"ஏய் மீட்டர்! பேட்டரி தீந்துபோச்சா?" என்று அங்கிருந்தே கத்தினார். கட்டுத் தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

அக்கா வந்து குனிந்து கன்னத்தை வைத்தாள். "காய்ஞ்சதுதான். உங்க கத்தி மொக்கை."

"என் கத்தியா மொக்கை? மேஸ்திரி, நீங்களே வந்து பாருங்க."

மேஸ்திரியும் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். "சில்லுன்னு இருக்கேம்மா" என்றார், ஏதோ தான் தப்புச் செய்த மாதிரி.

அக்கா மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை வலது கன்னத்தை வைத்தாள். வலது கன்னத்துக்குத் தெரிந்தது இடது கன்னத்துக்குத் தெரியவில்லை.

அத்தான் அவள் தாடையைப் பிடித்து, தோலை வெளிச்சத்துக்குத் திருப்புகிற மாதிரியே திருப்பினார். கொசுக்கடி என்று அவள் சொறிந்துகொண்டிருந்த இடம் இடது கன்னத்தில் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. சுற்றிலும் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள். நடுவில் பள்ளமாகக் கறுத்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. மொதல்ல அரிச்சுது. இப்ப அதுவும் இல்ல."

"வலியே இல்லேன்னா ஒண்ணுமில்ல. கறுப்பா நிக்குது பாரு, அதை ஒரு கீறல் கீறி எடுத்துட்டா சரியாப் போயிரும்."

"என் மூஞ்சி என்ன ஆட்டுத்தோலா? உங்க கத்திய எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வலியில்லாத புண்ணைப் பற்றி அதற்கு மேல் பேச எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலையில் அக்காவின் இடது கண் மூடியிருந்தது. கன்னம் வீங்கித் தாடை மறைந்துபோயிருந்தது. நடுவில் கரித்துண்டை ஒட்டிவைத்தது போல ஒரு கறுப்பு. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. இனிமே உங்கள பாதி பாத்தாப் போதும்" என்று அத்தானிடம் சொன்னாள். அத்தான் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரின் ஆட்டோவை அழைத்துவந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையுறை போட்டுக்கொண்டு கறுப்பின் பக்கத்தில் மெல்ல அழுத்தினார். வலி இல்லை என்று அக்கா சொன்னதும் அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. அதற்கு நேர்மாறாக, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா வேலை பாக்குறீங்க?"

அக்கா சொன்னாள்.

"கன்னத்தையா வைப்பீங்க? தோல் மேலயா?"

"ஆமா."

"எல்லாருமா?"

"எல்லாருக்கும் அந்தக் கன்னம் வாய்க்காதுங்க" என்றாள் அக்கா, வீங்கிய வாயோடு.

டாக்டரம்மா எழுந்து போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து, பஞ்சு சுற்றிய குச்சியால் கொப்புளத்தின் நீரைத் தொட்டு எடுத்தார். ரத்தமும் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் முதல் மருந்து ஏறியது.

"பேரு ஆந்த்ராக்ஸ்" என்றார் டாக்டரம்மா. "மாட்டுக்கு வந்தா அடைப்பான்னு சொல்வாங்க. செத்த மாட்டோட தோல்ல இந்தக் கிருமி வெதை மாதிரி தூங்கும். வருசக்கணக்கா தூங்கும். ஒடம்புக்குள்ள எறங்கினா முழிச்சுக்கும்."

"காய்ஞ்ச தோல்லயுமா?" என்று அக்கா கேட்டாள்.

"காய்ஞ்சதுலதாம்மா சொகமாத் தூங்கும்."

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஈரமானதுதான் கெட்டது, காய்ந்தது நல்லது என்று இத்தனை காலம் அவள் கன்னம் சொல்லிவந்தது.

அவளைத் தனி அறையில் படுக்கவைத்தார்கள். பக்கத்தில் இருந்தால் தொற்றாது, புண்ணையும் கட்டுத்துணியையும் வெறுங்கையால் தொடக் கூடாது என்று சொல்லி என்னைத் துணைக்கு இருக்கவிட்டார்கள். கையில் இரண்டு மருந்துகள் ஏறின. ஒன்று கிருமியைக் கொல்வதற்கு. சாவதற்குள் அது மேற்கொண்டு விஷம் தயாரிக்காமல் பார்த்துக்கொள்வதற்கு இன்னொன்று. கறுப்பின் மேல் மெல்லிய துணியைப் போட்டு மூடினார்கள். வேறொன்றும் செய்யவில்லை.

அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. "என்ன இது, மூடி வச்சிட்டுப் போறாங்க? குப்பையப் பாய்க்கு அடியில தள்ளுற மாதிரி."

நர்ஸ் வந்து, வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரம் எழுதினார். அப்போது கோடு தாடைக்குக் கீழே இருந்தது. அத்தான் எட்டிப் பார்த்தார்.

"கோடு போட்டா வெட்டணுமே சிஸ்டர். எங்க குடோன்ல அப்படித்தான்."

"இங்க கோடு போடறது வெட்ட இல்லைங்க. பாக்க."

மறுநாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து செய்தி வந்தது. முதலில் எடுத்த நீரில் கிருமி இருந்தது. மருந்து ஏறிய பிறகு எடுத்ததில் ஒன்றும் வளரவில்லை. கிருமி செத்துவிட்டது. அத்தான் குடோனுக்குப் போன் போட்டு மேஸ்திரியிடம் சொன்னார், எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார், தேநீர் கொண்டுவந்த ஆளிடமும் சொன்னார். "வீட்டுக்குப் போலாமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். அவர் அக்காவின் கழுத்தைப் பார்த்தார்.

வீக்கம் முதல் கோட்டைத் தாண்டியிருந்தது. நர்ஸ் கழுத்தில் இரண்டாவது கோடு போட்டார். மாலையில் கழுத்தெலும்புக்கு மேல் மூன்றாவது. அக்காவின் குரல் மாறியது. தொண்டைக்குள் துணி வைத்துப் பேசுகிறவள் போலப் பேசினாள். டாக்டரம்மா அடிக்கடி வந்து அவளை "ஆ" சொல்லச் சொன்னார். மூச்சுக்குழாய்க்குள் செலுத்துகிற ஒரு குழாயைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராக வைத்தார்கள். அது என்னத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த நாள் காலை அத்தான் ரொட்டியும் மாற்றுத்துணியும் கொண்டுவந்தார். பையின் அடியில் அரைவட்டக் கத்தி இருந்தது. அதன் தோல் உறையை அக்கா தைத்துக்கொடுத்திருந்தாள். துணியை எடுக்கும்போது நான் பார்த்தேன். ஒற்றைக் கண்ணால் அக்காவும் பார்த்தாள்.

டாக்டரம்மா வந்தபோது அக்காதான் கேட்டாள். "கிருமி செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே. அப்புறம் ஏன் வீங்குது? இவருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கிருமி செத்துருச்சும்மா. சாகறதுக்கு முன்னாடி அது விட்ட விஷம் ரத்தத்துல சுத்துது. விஷத்துக்கு உசுரு கெடையாது. அதக் கொல்ல மருந்தும் கெடையாது."

"விஷம்னா பாம்பு வெசம் மாதிரியா?" என்று அத்தான் கேட்டார்.

"இது வேற மாதிரி. மூணு துண்டா இருக்கும். தனித்தனியா விட்டா மூணும் சாது, ஒண்ணும் பண்ணாது. மொதத் துண்டு போய் நம்ம ஒடம்போட செல் மேல உக்காந்துக்கும். அந்த மாதிரி ஏழு ஒண்ணு சேந்து வட்டமா நிக்கும். ஒரு கதவு மாதிரின்னு வச்சுக்குங்க. மத்த ரெண்டு துண்டும் அது மேல ஏறிக்கும். செல்லு, இது ஏதோ நமக்கு வேண்டிய பொருள்னு நெனச்சு அப்படியே உள்ள இழுத்துக்கும். உள்ள போனதும் வட்டம் தொளை போடும். ரெண்டும் அது வழியா எறங்கிரும்."

"எறங்கி?"

"ஒண்ணு, தண்ணியத் தேக்கி வைக்கிற கணக்கக் கெடுக்கும். அதான் இந்த வீக்கம். இன்னொண்ணு, செல்லுக்குள்ள சேதி போற கம்பிய வெட்டும். காவலுக்கு ஓடி வரவேண்டிய ஆளுங்களுக்கு சேதி போகாது. வீடு எரியுது, ஃபயர் சர்வீஸுக்குப் போன் போகல, அந்த மாதிரி."

அத்தான் யோசித்தார். "அப்ப அந்தக் கறுப்பு? விஷம் அங்கேருந்துதான வருது?"

"இல்லைங்க. அது விஷம் வேலைய முடிச்சுட்டுப் போன எடம். இப்ப அங்க ஒண்ணும் இல்ல. வெட்டினா காயம் பெருசாகும், வீக்கம் ஒரு விரல்கூட எறங்காது."

"அப்ப என்னதான் பண்ணப்போறீங்க?"

"அந்த மொதத் துண்டு இருக்குல்ல, அதப் பிடிச்சுக்கறதுக்குன்னே ஒரு மருந்து இருக்கு. அது ஒட்டிக்கிச்சுன்னா மொதத் துண்டால செல் மேல உக்கார முடியாது. கதவே இல்லேன்னா மத்த ரெண்டும் வெளியவே சுத்தி வீணாப் போயிரும். இங்க அந்த மருந்து இல்ல. அரசாங்கக் கிடங்குல கேட்டிருக்கோம். ஐஸ் பெட்டியில வந்துக்கிட்டிருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஏற்கெனவே உள்ள போனத வெளிய எடுக்க முடியாது. இனிமே போறதத்தான் தடுக்க முடியும். அதனாலதான் அவசரம்."

டாக்டரம்மா எழுந்து போனார்.

"வட்டமாம், கதவாம்" என்றார் அத்தான். "கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பாத்த மாதிரி சொல்றாங்க. கண்ணுக்கு முன்னாடி கறுப்பா நிக்குறது ஒண்ணுமில்லையாம்."

பையை மடியில் வைத்துக்கொண்டார். கையை உள்ளே விட்டார். உறையிலிருந்து கத்தி வெளியே வந்தது. கொண்டுவருவதற்கு முன் கொதிநீரில் போட்டு எடுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் முகத்தில் வெறி எதுவும் இல்லை. வேலைக்கு உட்காரும்போது இருக்கிற அதே முகம்தான்.

"கண்ண மூடிக்க. வலிதான் இல்லேங்கறியே. ஒரே சுத்து. கெட்டத எடுத்துட்டா..."

நான் கதவைப் பார்த்தேன். நர்ஸ் வராந்தாவின் மறுகோடியில் இருந்தார். அத்தானைக் கையைப் பிடித்து நிறுத்துகிற அளவுக்கு நான் அவரிடம் பேசியதே கிடையாது.

அக்கா கத்தவில்லை. கத்தவும் முடியாது. கையைத் தூக்கி அவர் மணிக்கட்டைத் தொட்டாள். பிறகு அவர் விரல் ஒன்றைப் பிடித்து இழுத்து, கழுத்தில் மூன்றாவது கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். விரலை எடுத்ததும் அந்த இடம் பள்ளமாகவே நின்றது. மாவில் அழுத்தின மாதிரி.

"என்ன தெரியுது?" என்று அந்தத் துணிக்குரலில் கேட்டாள்.

அவர் தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஈரமா, காய்ஞ்சதா?"

"...ஈரம்."

"ஈரத்துல கத்தி வைப்பீங்களா?"

அத்தான் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல நிரம்பியது. ஒரு பக்கம் இன்னும் நிரம்பாமல் இருக்கும்போதே இன்னொரு பக்கம் உப்பியது. கெட்டது எங்கே முடிகிறது, நல்லது எங்கே தொடங்குகிறது என்று அந்த வீக்கத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

"காயட்டும்" என்றாள் அக்கா. "காய்ஞ்சப்புறம் பாத்துக்கலாம். ஊருக்கெல்லாம் சொல்ற சட்டம் பொண்டாட்டிக்குக் கெடையாதா?"

அவர் கத்தியை உறையில் போட்டார். உறையைப் பையில் போட்டார். பையை என்னிடம் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டு போயிடு" என்றார். நான் போகவில்லை. பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பிறகு ரொட்டி அதற்குள்ளேயே இருக்கிறது என்று ஞாபகம் வந்து மறுபடி இழுத்தேன்.

ஐஸ் பெட்டி அன்று பகலிலேயே வந்துவிட்டது. முதலில் ஒவ்வாமை வராமலிருக்க ஒரு ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மருந்தை மெதுவாக ஏற்றினார்கள். பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அத்தான் அதை நம்பிக்கையில்லாமல் பார்த்தார். "நெறமே இல்லையே" என்றார். டாக்டரம்மா நாற்காலியை அங்கேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்காவின் மூச்சு விசிலடித்தது. குழாய் எடுத்துவைத்த தட்டு ஒரு தடவை நகர்ந்து பக்கத்தில் வந்தது, பிறகு பழைய இடத்துக்குப் போனது.

மருந்து ஏறி முடிந்த பிறகும் வீக்கம் குறையவில்லை. குறையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அத்தான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மார்புக்கு மேலே நர்ஸ் கடைசியாகப் போட்டிருந்த நான்காவது கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்கக் கோட்டைப் பார்த்து வேலை செய்தவர். மயிரிழை விலகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து சுவரில் ஏறும்போது நர்ஸ் பேனாவோடு வந்தார்.

"போடாதீங்க" என்றார் அத்தான். "தாண்டல."

நர்ஸ் குனிந்து பார்த்தார். கோட்டிலேயே நின்றிருந்தது. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. வீக்கம் மூன்றாவது கோட்டுக்கு இறங்கியது, பிறகு இரண்டாவதுக்கு. குளிப்பாட்டும்போது நான் கோடுகளைத் துடைக்கப் போனேன். அத்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அவை தானாகவே மங்கிப்போயின. கண் திறந்தது. "இப்ப முழுசாத் தெரியுறீங்க. பழகணும்" என்று அக்கா அவரிடம் சொன்னாள். அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

குடோனை மூடியிருந்தார்கள். உடம்பு முழுவதும் மூடிய உடுப்பில் ஆட்கள் வந்து கட்டுகளைச் சோதித்தார்கள். மழைக்குப் பிறகு மேய்ச்சலில் திடீரென்று செத்து விழுந்த மாடுகளை யாரோ புதைக்காமல் உரித்து விற்றிருந்தார்கள். அந்தத் தோல்கள் வந்த கட்டுகளை எரித்தார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மேஸ்திரிக்கு மாத்திரை தொண்டையில் சிக்கியது என்பதுதான் அங்கிருந்து வந்த ஒரே புகார்.

கறுப்பு மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கன்னத்தில் உட்கார்ந்திருந்தது, காய்ந்து, இறுகி, ஓரம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு. கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் அத்தானும் கூடவே வந்து பார்த்தார். அவர் கை துறுதுறுக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அந்த நாட்களில் எங்கள் வீட்டு உருளைக்கிழங்குகள் படாத பாடு பட்டன.

ஒரு நாள் நர்ஸ் துணியை எடுத்தபோது கறுப்பு துணியோடு வந்துவிட்டது. அக்காவுக்குத் தெரியக்கூட இல்லை. அதை நர்ஸ் இடுக்கியால் எடுத்து மஞ்சள் குப்பைப் பைக்குள் போடப்போனார்.

"சிஸ்டர், ஒரு நிமிசம். தொடல. காட்டுங்க" என்றார் அத்தான்.

நர்ஸ் இடுக்கியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். அத்தான் அருகில் போய்க் குனிந்து அதன் ஓரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு பிசிறு இல்ல" என்றார் கடைசியில். "நானா இருந்தா கொஞ்சம் சேத்து எடுத்திருப்பேன்."

"எவ்வளவு சேத்து?" என்று அக்கா கேட்டாள்.

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டிக் காட்டப் போனார். அக்காவின் கன்னத்தைப் பார்த்தார். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

இப்போது குடோனில் நிஜ மீட்டர் வாங்கிவிட்டார்கள். கையுறை, முகமூடி எல்லாம் உண்டு. தோலில் யாரும் கன்னத்தை வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதிப்போட்டிருக்கிறார்கள். அக்கா மீட்டரைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சத்தமாகச் சொல்கிறாள். பெயர் மட்டும் மாறவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தானின் சட்டையில் இடது கன்னத்தைப் பதித்தாள். அந்த இடத்தில் தோல் சுருங்கி, ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பாக இருக்கிறது.

"என்ன சொல்லுது?" என்று அத்தான் வாசலிலிருந்து கேட்டார்.

அக்கா ஒரு மூச்சு விடும் நேரம் கன்னத்தை எடுக்கவில்லை. பிறகு முகத்தைத் திருப்பி வலது கன்னத்தை வைத்தாள்.

"ஈரம்" என்று சொல்லி, சட்டையைத் திரும்பக் கொடியிலேயே போட்டாள்.